எங்கே தொடுவது?

பதினொரு மணிக்குத்தான் வெயில் எங்கள் வீட்டு முற்றத்துத் தரைக்கு வந்துசேரும். அரியாங்குப்பத்தின் பழைய ஓட்டு வீடு. நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் ஒரு துண்டு வானம். வெளிச்சச் சதுரம் வந்து விழும் இடத்தில் ஒரு மோட்டாரை வைத்திருக்கிறேன். நிழலில் இருக்கும்வரை அது சும்மா அந்தரத்தில் கிடக்கும். வெயில் பட்டதும் லேசாகத் தலையாட்டும், தயங்கும், பிறகு சுழலத் தொடங்கும். சில நாள் விரலால் ஒரு தட்டு தட்ட வேண்டியிருக்கும். சுழலும்போது சத்தமே இருக்காது.

பக்கத்துத் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் அதை முதன்முதலில் பார்த்தபோது மூன்று கேள்வி கேட்டான்.

“மாமா, பேட்டரி எங்க வெச்சிருக்கீங்க?”

இல்லை என்றேன்.

“அப்ப ஒயரு?”

வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றேன். அவன் தரையில் குப்புறப் படுத்து, கண்ணை மோட்டாருக்கு நேராக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

“சரி, இது எதுமேல நிக்குது?”

முதல் இரண்டு கேள்விக்கும் விடை சுலபம்: சூரியன். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்த அத்தியாயம். ஒரு மோட்டாரைச் சுற்ற வைப்பது பாதி வேலை. சுற்றுகிற பொருளை இடம் பெயராமல் பிடித்து வைத்திருப்பது மீதிப் பாதி. மோட்டார் சிறியதாகச் சிறியதாக இந்த இரண்டாவது பாதிதான் கடினமாகும்.

வெயிலில் சுற்றும் மரக்கட்டை

இந்த வகை மோட்டாருக்கு மெண்டோசினோ மோட்டார் என்று பெயர். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் பயனுள்ள சிலிக்கான் சூரிய மின்கலத்தை உருவாக்கிய மூவரில் டேரில் சேப்பின் ஒருவர். பள்ளி மாணவர்கள் செய்து பார்க்க 1962-இல் அவர் தயாரித்த சோதனைகளில், வெளிச்சமே ஸ்விட்ச்சாக வேலை செய்யும் ஒரு மோட்டாரும் இருந்தது. 1994-இல் கலிபோர்னியாவின் மெண்டோசினோ மாவட்டத்தைச் சேர்ந்த லாரி ஸ்பிரிங் அதைக் காந்தங்களின் மேல் மிதக்க வைத்தார். ஊர்ப்பெயரே மோட்டாருக்கும் ஒட்டிக்கொண்டது.

என்னுடையதைச் செய்த விதம் இது. 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. சதுர முகப்பும் உள்ள லேசான மரக்கட்டை. அதன் நடுவே 3 மி.மீ. பித்தளைக் கம்பி, இதுதான் ஷாஃப்ட். இரும்புக் கம்பி கூடாது, காந்தம் அதைச் சும்மா விடாது. கட்டையின் நாலு பக்கத்திலும் ஒவ்வொரு சோலார் செல். கட்டையின்மேல் நீளவாக்கில், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு காயில். ஒவ்வொரு காயிலின் இரு முனையும் எதிரெதிர்ப் பக்கத்துச் செல்கள் இரண்டோடு இணைந்திருக்கும். ஆனால் ஒரு செல்லின் பிளஸ் இருக்கும் இடத்தில் மற்றதன் மைனஸ் வர வேண்டும். கட்டைக்கு நேர் கீழே, அடித்தளத்தில் ஒரு காந்தம்.

வெயில் மேலிருந்து விழுகிறது. மேலே இருக்கும் செல் தன் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கிறது. அந்தக் காயிலின் அடிப்பக்கக் கம்பிகள் கீழ்க் காந்தத்தின் புலத்தில் இருப்பதால் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. கட்டை திரும்புகிறது. கால் சுற்றில் அடுத்த செல் மேலே வந்து அடுத்த காயிலை எழுப்புகிறது. அரைச் சுற்றில் எதிர்ப்பக்கச் செல் மேலே வரும். பழைய காயிலில் இப்போது மின்னோட்டம் தலைகீழ். காயிலும் தலைகீழாகத்தானே நிற்கிறது? ஆகவே தள்ளும் திசை மாறுவதில்லை. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் செய்கிற வேலையை இங்கே நிழல் செய்கிறது. மேகமூட்டமான நாளில் இது நின்றுபோவதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு மட்டுமல்ல. நாலு பக்கமும் சமமாக வெளிச்சம் பட்டால் எதிரெதிர்ச் செல்கள் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இனி மிதப்பது. ஷாஃப்டின் இரு முனைகளுக்கு அருகிலும் ஒரு வளையக் காந்தம். ஒவ்வொன்றின் கீழேயும் அடித்தளத்தில் இரண்டு காந்தம், இரு கைகளால் ஏந்துவது போல. ஒத்த துருவங்கள் விலக்கிக்கொள்வதால் ஷாஃப்ட் மேலே நிற்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலக்கை தள்ளும். இடப்பக்கம் சாய்ந்தால் இடக்கை தள்ளும்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

காயிலுக்குக் கம்பி வாங்கக் கடலூர் சாலையில் ஒரு வைண்டிங் கடைக்குப் போனேன். 36 கேஜ் எனாமல் ஒயர் கேட்டேன்.

“மிக்ஸிக்கா சார்?” என்றார் கடைக்காரர்.

இல்லை, 40 மில்லி ஆம்பியர் மோட்டாருக்கு என்றேன். சிரித்தார். கையில் இருந்த ஆர்மேச்சரைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்ன அளவுகளைக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: “புஷ்ஷு போட்டீங்கன்னா நகராது சார்.”

அவர் அனுபவத்தில் சொன்னதை நாம் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 36 கேஜ் கம்பியின் கனம் 0.19 மி.மீ. ஒரு சுற்றுக்கு 18 செ.மீ. வீதம் 100 சுற்றுக்கு 18 மீட்டர். அவ்வளவு நீளச் செம்புக் கம்பியின் மின்தடை 11 ஓமுக்குச் சற்றே குறைவு. ஒரு சோலார் செல் கொடுப்பது சுமார் அரை வோல்ட். ஆக மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும்; 40 என்றே வைத்துக்கொள்வோம். திறன் 0.02 வாட். 750 வாட் மிக்ஸியின் 37,500-இல் ஒரு பங்கு.

காயிலின் அடிப்பக்கத்தில் காந்தப்புலம் 0.03 டெஸ்லா என்று எடுத்துக்கொண்டால், 5 செ.மீ. நீளமுள்ள 100 கம்பிகளும் சேர்ந்து தள்ளும் விசை 0.6 கிராம் எடைக்குச் சமம். பத்துப் பன்னிரண்டு மிளகின் எடையைவிட இது அதிகமில்லை. இந்த விசை மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளிச் செயல்படுகிறது. பெருக்கினால் முறுக்குவிசை 12 கிராம்-மி.மீ.

எதிர்ப்பக்கக் கணக்கு: கட்டை, செல், காயில், கம்பி எல்லாம் சேர்ந்து எடை 40 கிராம். இதை மிதக்க விடாமல் சாதாரணப் பித்தளைப் புஷ்ஷில் உட்கார வைத்தோம் என்று வையுங்கள். எண்ணெய் பெரிதாக இல்லாத உலோக உராய்வில் எடையின் ஐந்தில் ஒரு பங்கு எதிர்ப்பாக வரும். அதாவது 8 கிராம். ஷாஃப்டின் ஆரம் 1.5 மி.மீ. பெருக்கினால் 12 கிராம்-மி.மீ.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தள்ளுவதும் தடுப்பதும் சமம். மோட்டார் அசையாது. கடைக்காரர் பேனா எடுக்காமல் சொன்ன விடை.

மோட்டாரின் பலத்தைக் கூட்டுவது ஒரு வழி: பெரிய செல், கனத்த காயில், வலுத்த காந்தம். ஆனால் அவற்றோடு எடையும் ஏறும், உராய்வும் ஏறும். நாம் போகும் வழி தடையைக் குறைப்பது. எடையைக் காந்தத்தின் தலையில் ஏற்றிவிட்டால் அந்தப் பன்னிரண்டில் என்ன மிஞ்சும்?

பூஜ்யம் மிஞ்சும் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் ஷாஃப்டைக் காந்தங்களின்மேல் வைத்துக் கையை எடுத்ததும், அது மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை. சர்ரென்று நீளவாக்கில் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடியது. திரும்ப வைத்தேன். இந்த முறை எதிர்ப்பக்கம் ஓடியது. அன்று சாயங்காலம் முழுக்கக் காந்தங்களை இழைஇழையாக நகர்த்திப் பார்த்தேன். நடுவில் நிற்கும் இடம் ஒன்று எங்கேயோ இருக்கிறது, என் கைக்குத்தான் அகப்படவில்லை என்ற நினைப்பு.

அப்படி ஓர் இடம் கிடையாது. இதை 1842-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார்.

பாலக்காட்டுக் கணவாயில் ஒரு பந்து

சாமுவேல் எர்ன்ஷா இங்கிலாந்துக்காரர். கணித அறிஞர், பாதிரியார். அவர் மோட்டாரைப் பற்றி யோசிக்கவில்லை. ஒளி பரவ ஈதர் என்ற ஊடகம் தேவை என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அந்த ஈதரின் துகள்கள் ஒன்றையொன்று எந்த விசையால் பிடித்துக்கொண்டு நிலையாக நிற்கின்றன என்பதே அவர் கேள்வி. தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் விசையாக இருந்தால் அவை நிலையாக நிற்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிற்காலத்தில் ஈதர் ஒழிந்தது. கணக்கு மட்டும் நின்றது. நிலைமின் விசைக்கும் நிரந்தரக் காந்தங்களின் விசைக்கும் அது அப்படியே பொருந்தும்.

பாலக்காட்டுக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. கணவாயின் நடு உச்சியில் ஒரு பந்தை வைத்தால் அது வடக்கேயும் போகாது, தெற்கேயும் போகாது. இரண்டு பக்கமும் மலை ஏறியாக வேண்டும். ஆனால் கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமும் மேற்கே கேரளப் பக்கமும் சரிவு. பந்து உருண்டுவிடும். காந்தங்கள் எழுப்பும் நிலப்பரப்பு எப்போதும் இப்படிக் கணவாயாகத்தான் அமையும். நாலு பக்கமும் ஏற்றமுள்ள கிண்ணமாக அமையவே அமையாது. மூன்று திசைகளின் பிடிப்பையும் கூட்டினால் விடை பூஜ்யமாக வர வேண்டும் என்பது எர்ன்ஷாவின் கணக்கு. என் ஷாஃப்டை மேல்-கீழாக ஒரு பங்கும், இட-வலமாக ஒரு பங்கும் பிடித்து வைத்தால், நீளவாக்கில் இரண்டு பங்கு நழுவியே தீரும். இதில் காந்தத்தின் தரமோ என் கைத்திறமையோ ஒன்றும் செய்ய முடியாது.

நழுவுவதைத் தடுக்க முடியாது என்றால், நழுவும் திசையை நாம் முடிவு செய்யலாம். அடித்தளக் காந்தங்களை ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ளி ஒட்டினேன். இப்போது ஷாஃப்ட் எப்போதும் ஒரே பக்கம்தான் நழுவும். அந்தப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்தினேன். ஷாஃப்டின் நுனியில் ஒரு தையல் ஊசி முனை. ஊசி கண்ணாடியில் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான், எல்லாம் அடங்கியது.

பழைய கணக்குக்குத் திரும்புவோம். ஊசி கண்ணாடியை அழுத்துவது 2 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு உராய்வு, 0.4 கிராம். தொடும் புள்ளியின் ஆரம் 0.1 மி.மீ. என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் தடை 0.04 கிராம்-மி.மீ. பன்னிரண்டாக இருந்தது முந்நூறில் ஒரு பங்காகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு மிளகின் எடை இப்போது ஒரு மரக்கட்டையைச் சுழற்றும்.

பையனிடம் அந்த ஊசி முனையைக் காட்டினேன். “அப்ப முழுசா மிதக்கலியே?” என்றான், ஏமாந்த குரலில். அவன் ஏமாற்றம் நியாயமானது. ஆனால் பொறியியல் தொடங்குவது அந்த முனையில்தான். தொடக்கூடாது என்று அடம்பிடிப்பவருக்கு எர்ன்ஷா பிடி கொடுக்க மாட்டார். எங்கே தொடலாம் என்று கேட்பவருக்கு வழி விடுவார்.

துளை போடத் தெரிந்த ஊர்

தொடுவதற்கு இன்னொரு வழி, அச்சு முனையைத் துளையில் உட்கார வைப்பது. துளை போடத் தெரிந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது: அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டிய இடம். ரோமானிய மதுச் சாடிகளுக்காக வெளியுலகில் பெயர் பெற்றது. மணிகளைப் பற்றி ஆராய்பவர்களுக்கோ அது ஒரு தொழிற்பேட்டை. கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டு போட்ட கடுகளவு மணிகள் அங்கே ஏராளம். கண்ணாடி மணிக்குத் துளை, குழாயை இழுக்கும்போதே வந்துவிடும். படிகம், சூதுபவளம் போன்ற கல்மணிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொன்றையும் துரப்பணத்தால் குடைய வேண்டும். அதற்கு வைரமுனைத் துரப்பணம் பயன்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கடினமான கல்லில் சிறிய, வழவழப்பான துளை: இதுவேதான் பின்னாளில் கடிகாரத்தின் அடிப்படை ஆனது. 1704-இல் லண்டனில் நிக்கோலா ஃபாசியோ என்ற கணித அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் மாணிக்கக் கல்லில் துளை போட்டு, அதைக் கடிகார அச்சுக்குத் தாங்கியாக வைக்கும் உரிமையைப் பெற்றார்கள். கடினக் கல் தேயாது, வழவழப்பாகவும் நிற்கும். அதனால் அச்சு முனையை இழை போல மெலிதாக்கலாம். மெலிந்த முனைக்கு ஆரம் குறைவு. ஆரம் குறைந்தால் தடை குறையும் என்பதை மேலே பார்த்தோம். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னுய் அலுமினாப் பொடியைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு, சாதாரணக் கடிகாரத்துக்கும் மாணிக்கத் தாங்கி கட்டுப்படியானது. பழைய கைக்கடிகார முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். அது அலங்காரக் கல்லின் எண்ணிக்கை அல்ல, துளைகளும் தாங்கிகளும்.

ஓசூரில் ஒரு பிரெஞ்சுக்காரரின் யோசனை

உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் காந்தம் செய்யும் இன்னொரு விதப் பிடிப்பைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். இரண்டை 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. ஆகவே 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாருக்குப் போகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மாரியுஸ் லவே 1936-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உலகத்தில் அதிகமாகப் பெருகிய மோட்டார் வகைகளில் ஒன்று. ஆனால் அதை மோட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

நடுவில் ஒரு காந்த உருளை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய இரும்புத் தகடு, தகட்டின் மறுமுனையில் காயில். உருளை உட்காரும் துளையின் ஓரத்தில் இரண்டு சின்ன வெட்டுகள். மேலோட்டமாகப் பார்த்தால் வார்ப்பில் விழுந்த பிழை மாதிரி இருக்கும். லவேயின் புத்திசாலித்தனம் முழுவதும் அந்த இரண்டு வெட்டில்தான்.

மின்சாரம் இல்லாதபோதும் காந்த உருளை இரும்புத் தகட்டை இழுத்துக்கொண்டிருக்கும். துளை சுத்த வட்டமாக இருந்தால் எந்தத் திசையில் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். வெட்டு இருப்பதால் குறிப்பிட்ட இரண்டு நிலையில் மட்டும் நிற்கப் பிடிக்கும். அந்த நிலைகள் காயிலின் புலத்துக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்ந்திருக்கும். துடிப்பு வரும்போது உருளை திரும்பியாக வேண்டும். நேராக நின்றிருந்தால் இடமா வலமா என்று குழம்பும். சாய்ந்து நிற்பதால் குழப்பமில்லை, எப்போதும் ஒரே பக்கம் அரைச் சுற்று. அடுத்த நொடி எதிர்த்திசைத் துடிப்பு, இன்னொரு அரைச் சுற்று. நொடிமுள் ஒரு தாவலுக்கு 6 பாகை நகர வேண்டும். உருளை திரும்புவது 180 பாகை. நடுவில் பற்சக்கரங்கள் முப்பதில் ஒன்றாகக் குறைக்கின்றன. துடிப்பு நின்ற மறுகணம் முள்ளைக் காற்றோ அதிர்வோ நகர்த்தாமல் பிடித்து வைப்பதும் அதே காந்தம்தான். அதற்குப் பேட்டரி ஒரு காசும் செலவழிப்பதில்லை. நாளைக்கு 86,400 தாவல். வருடத்துக்கு 3 கோடியே 15 லட்சம். இத்தனைக்கும் ஒரு பென்சில் பேட்டரி.

பெரிய காந்தம் ஒன்றைச் சுவர்க்கடிகாரத்தின் முதுகில் வைத்துப் பாருங்கள். முள் நின்றுவிடும். உள்ளே இருக்கும் உருளை உங்கள் காந்தத்தின் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. எடுத்துவிட்டால் மீண்டும் ஓடும். இழந்த நிமிடங்களை மட்டும் நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இந்த மோட்டார் தமிழ்நாட்டில் பெருவாரியாகக் கைக்கடிகாரத்துக்குள் புகுந்தது ஓசூரில். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் 1987-இல் கடிகாரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இயங்குபொறித் தொழில்நுட்பம் தந்ததும் ஒரு பிரெஞ்சு நிறுவனம், பிரான்ஸ் எபோஷ். 2002-இல் டைட்டன் வெளியிட்ட எட்ஜ் கடிகாரம் மொத்தமே 3.5 மி.மீ. கனம், உள்ளிருக்கும் இயங்குபொறி 1.15 மி.மீ. காயில், காந்த உருளை, பற்சக்கரங்கள் எல்லாம் அந்த 1.15-க்குள் படுத்திருக்க வேண்டும். உருளை கடுகைவிடச் சிறியது. எர்ன்ஷாவுக்கு இங்கே விடை: திரும்பும் கோணத்தைக் காந்தம் பிடித்துக்கொள்ளட்டும், இடத்தை நுண்துளைகள் பிடித்துக்கொள்ளட்டும்.

0.4 மில்லிமீட்டர்

இன்னும் சிறிதாக்கினால்? 1959 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியாவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் பந்தயம் கட்டினார்: ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மின்மோட்டார் செய்பவருக்கு 1,000 டாலர். அதாவது 0.4 மி.மீ. அவ்வளவு சிறியதைச் செய்யப் புதிய வழி ஒன்றை யாராவது கண்டுபிடித்தாக வேண்டும், அதுதான் தன் பரிசின் நோக்கம் என்று நினைத்திருந்தார்.

1960 நவம்பரில் வில்லியம் மெக்லெலன் என்ற பொறியாளர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பெரிய மோட்டார்களைக் காட்டிப் போயிருந்தார்கள். இவர் பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்தபோதே பணம் போய்விட்டது என்று ஃபைன்மனுக்குப் புரிந்தது. 13 பாகம், எடை 250 மைக்ரோகிராம், நிமிடத்துக்கு 2,000 சுற்று. கடிகாரக்காரரின் லேத், மைக்ராஸ்கோப், பாகங்களை எடுத்துவைக்கக் கூராக்கிய பல்குத்தி. மதிய உணவு நேரங்களில் உட்கார்ந்து செய்து முடித்திருந்தார். புது முறை ஒன்றும் பிறக்கவில்லை. பழைய கைத்திறனின் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் தெரிந்தது. பரிசு அவருக்கே போனது.

இவ்வளவு சிறிய உலகத்தில் விதிகளின் தராசு சாய்ந்துவிடும். எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். இரண்டு நிரந்தரக் காந்தங்களுக்கு இடையிலான விசையோ நூறில் ஒன்றாகத்தான் குறையும். எடையோடு ஒப்பிட்டால் காந்தத்தின் பலம் பத்து மடங்கு கூடியிருக்கிறது. காயிலும் காயிலும் தள்ளிக்கொள்ளும் விசை, கம்பியின் பருமனுக்கு ஏற்ற அதே மின்னோட்டத்தில், பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே சின்ன மோட்டாரில் ஒரு பக்கமாவது நிரந்தரக் காந்தம் இருந்தால்தான் பிழைப்பு.

எடை மறையும் இடத்தில் வேறு எதிரிகள் வருவார்கள். உராய்வு என்றால் நாம் எடையோடு சேர்த்துத்தான் நினைப்போம். ஆனால் எண்ணெயின் பிசுபிசுப்பு, ஈரத்தின் ஒட்டல், பரப்போடு பரப்பு பசை போலப் பிடித்துக்கொள்வது எல்லாம் எடையைப் பொறுத்தவை அல்ல, பரப்பைப் பொறுத்தவை. பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிலிக்கான் சில்லில் தலைமுடி அளவுச் சுழலிகளைச் செய்து மின்னூட்டத்தால் சுழற்றினார்கள். அவற்றின் பெரிய தலைவலி சுழற்றுவதில் இல்லை. ஒட்டிக்கொள்வதிலும் தேய்வதிலும்தான் இருந்தது. அந்த அளவில் ஒரு தூசி, தண்டவாளத்தில் கிடக்கும் பாறாங்கல்.

இந்தக் குட்டி உலகத்தைச் சாத்தியமாக்கிய காந்தத்துக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். அப்போது எல்லாருக்கும் வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேண்டிலுக்கான தோரியம். அதே மோனசைட்டில் நியோடிமியமும் இருக்கிறது. 1983-இல் ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் கிரோட்டும் தனித்தனியே நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை அறிவித்தார்கள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிக்கும் ஐ.ஆர்.இ.எல். ஆலை இன்றும் இயங்குகிறது. முற்றத்தில் சுழலும் என் மோட்டாரைத் தாங்குவதும் அந்த வகைக் காந்தம்தான். இரும்பு நிறைய உள்ளதால் நிக்கல் முலாம் உரிந்தால் உப்புக் காற்றில் பொரிந்துபோகும். கடலோர ஊர்க்காரர்கள் முலாம் கீறாத காந்தமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இமைக்காமல் பார்ப்பவர்

துளையில் உட்கார வைப்பது ஒரு வழி. ஒரே புள்ளியில் சாய்த்து வைப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழியும் உண்டு: எங்குமே தொடாமல், இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. எர்ன்ஷாவின் கணக்கு மாறாத காந்தங்களுக்குத்தான். காந்தத்தின் பலத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்ற முடியுமானால் அந்தக் கணக்கு கட்டுப்படுத்தாது. விரல் நுனியில் துடைப்பக்குச்சியை நிறுத்தும் பையனை நினையுங்கள். குச்சி எப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அவன் கை அதற்கு முன் நகர்ந்துவிடுகிறது. 2004 முதல் ஷாங்காயில் ஓடும் மிதவை ரயில் அப்படித்தான். தண்டவாளத்துக்கும் மின்காந்தத்துக்கும் இடையே சுமார் 10 மி.மீ. இடைவெளி, சென்சார் பார்க்கும், மின்னோட்டம் ஏறி இறங்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் அமைந்துள்ள 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைக் குழாயின் குறிக்கோளும் வண்டியைத் தொடாமல் ஓட்டுவதுதான்.

இந்த வழி மிகச் சிறிய இடத்தில் மிகப் பெரிய வேலை செய்வது நெஞ்சுக்குள். இதயம் தளர்ந்தவர்களுக்குப் பொருத்தும் ஹார்ட்மேட் 2 என்ற ரத்தப் பம்பில் சுழலியைத் தாங்கியது மாணிக்கம். ஆம், கடிகாரத்தில் பார்த்த அதே கல். ஆனால் இங்கே தாங்கியைச் சுற்றி எண்ணெய் கிடையாது, ரத்தம் ஓடுகிறது. உரசும் இடத்தில் சூடு பிறக்கும், சிவப்பணு நசுங்கும், ரத்தம் தேங்கினால் உறையும். அடுத்து வந்த ஹார்ட்மேட் 3-இல் தாங்கியே இல்லை. சுழலி ரத்தத்தின் நடுவே காந்தப்புலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. பக்கவாட்டில் அது விலகினால் சென்சார்கள் கண்டு மின்னோட்டத்தால் இழுத்துப் பிடிக்கின்றன. அச்சுத் திசையில் காந்த ஈர்ப்பே பிடித்துக்கொள்கிறது. ஒரு திசையில் கிடைத்த பிடிப்புக்கு மறு திசையில் விலை. அந்த விலையை இங்கே பேட்டரி கட்டுகிறது. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தந்தது. இந்தியாவிலும் பொருத்தப்பட்டிருக்கிறது.

கண்ணாடியில் ஒரு புள்ளி

என் மோட்டாருக்கு இமைக்காமல் பார்க்கும் கண் வேண்டாம். கண்ணாடித் துண்டு போதும். ஆறு மாதம் ஓடிய பிறகு ஒருநாள் வேகம் குறைந்ததைப் பார்த்தேன். வெயிலில் குறையில்லை. கம்பியும் அறுபடவில்லை. ஷாஃப்டை எடுத்துப் பார்த்தால் ஊசி முனையில் மெலிதாகத் துரு. ஆற்றங்கரை ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது?

பையன் லென்ஸை வாங்கிக் கண்ணாடியைப் பார்த்தான். ஊசி சாய்ந்திருந்த இடத்தில் துருப்பொடி வட்டமாகப் படிந்திருந்தது. துடைத்தோம். அதன் நடுவே ஒரு புள்ளி தெரிந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்படாத அளவு சிறியது.

“மாமா, ஓட்ட போட ஆரம்பிச்சிருக்கு.”

ஊசியை மாற்றினோம். அவன் கண்ணாடியை அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி, புள்ளி விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினான். எங்கே தொட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெயில் இன்னும் சதுரத்தின் ஓரத்தில்தான் இருந்தது. மோட்டார் ஒருமுறை தலையாட்டிவிட்டுக் காத்திருந்தது.